பிடிச்ச அஞ்சு விஷயம்: கொஞ்சம் பெரிய பதில்

பிடிச்ச வெப்சைட் எது? பிடிச்ச படம் எது? உனக்குக் கிடைச்ச பெரிய பரிசு எது? செல்லப்பிராணி? பிடிச்ச பாடம்?

+2 முடிக்கிற வருஷம் கிளாஸ் கிளாஸா ஒரு ஸ்லாம் புக் சுத்துமே, ஞாபகம் இருக்கா மக்களே? பூப்போட்ட அட்டை, உள்ள கலர் கலரா பக்கம், மேல இந்த மாதிரி கேள்விங்க. நான் முடிச்சது 2014ல. நாப்பது பேரு நோட்டுல எழுதியிருப்பேன். கேள்விக்கு ஒரு கோடுதான் இடம்கறதால எல்லா நோட்டுலயும் ஒரே பதில். கூகுள் எர்த், வாகை சூட வா, லேப்டாப், ஆடு, கணக்கு. அவ்ளோதான்.

இந்த வாரம் ஆபீஸ்ல ஆணி கம்மி. அந்த அஞ்சு வார்த்தையையும் கொஞ்சம் விரிச்சு எழுதலாம்னு தோணுச்சு. கொசுவத்தி ஏத்தியாச்சு, புகை ஒத்துக்காதவங்க இப்பவே எழுந்து போய்டலாம் :)

முதல்ல ஊரு. தேர்வாய் கண்டிகை. திருவள்ளூர் மாவட்டம், கும்மிடிப்பூண்டி பக்கம். சென்னைக்கு வடக்க, ஆந்திரா எல்லையை ஒட்டி. கொஞ்சம் நடந்தா தெலுங்கு போர்டு வந்துரும். அப்பாவை 'நைனா'ன்னும் அப்பாவோட அம்மாவை 'ஆயா'ன்னும் கூப்பிடுற ஊரு. ஊரு பேரை சொன்னா ஆபீஸ்ல ரெண்டு விதமா கேப்பாங்க. "சிப்காட் இருக்கே, அதுவா?" ஒண்ணு. "புதுசா டேம் கட்டினாங்களே, அதுவா?" இன்னொண்ணு. ரெண்டும் அதுதான். ரெண்டும் வர்றதுக்கு முன்னாடியும் அங்க ஒரு ஊரு இருந்துச்சு.

கேள்வி வரிசையை மட்டும் என் வசதிக்கு மாத்திக்கிறேன்.

பிடிச்ச பாடம்

கணக்கு பிடிச்சதுக்கு காரணம் புத்தகம் இல்ல. புத்தகம் இல்லாம போனதுதான்.

நான் பத்தாவது படிச்சது 2011-12. சமச்சீர் கல்வி வந்த வருஷம். 2010ல ஒண்ணாவதுக்கும் ஆறாவதுக்கும் கொண்டு வந்தாங்க, அடுத்த வருஷம் மத்த வகுப்புக்கெல்லாம்னு திட்டம். நடுவுல 2011 மே மாசம் ஆட்சி மாறுச்சு. புது அரசு அதை தள்ளி வைக்கப் பாத்துச்சு, கேஸ் ஹைகோர்ட், சுப்ரீம் கோர்ட்டுன்னு போச்சு. ஆகஸ்ட் 9ந் தேதிதான் சமச்சீரையே நடத்தணும்னு சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு வந்தது. ஜூன்ல ஸ்கூல் தொறந்தவங்க ஆகஸ்ட் வரைக்கும் கையில புத்தகமே இல்லாம உக்காந்திருந்தோம். அதுவும் பத்தாவது!

எங்க கணக்கு சார் அதுக்கெல்லாம் அசரல. "புஸ்தகம் டெல்லில இருக்கு, கணக்கு இங்கதான் இருக்கு"ன்னு எங்களை வெளிய கூட்டிட்டுப் போவார். பனைமரத்து நிழலை அளந்து, பக்கத்துல ஒரு குச்சி நட்டு அதோட நிழலையும் அளந்து, மரம் எவ்ளோ உயரம்னு கண்டுபிடிக்கணும். ஏரிக்கரைல ஏறி நின்னு, கரையோட குறுக்குவெட்டு சரிவகம் மாதிரி இருக்கு, அப்போ நூறு அடி கரைக்கு எவ்ளோ மண்ணு கொட்டியிருப்பாங்கன்னு கேப்பார். எங்க நைனா நூறு நாள் வேலைல அந்தக் கரைக்கு மண்ணு சுமந்திருக்கார். கணக்குல அவர் சுமந்த மண்ணு வருதேன்னு எனக்கு ஒரே குஷி. அன்னிக்குப் பிடிச்சது இன்னும் விடல.

புத்தகம் வந்தப்புறம் ஒரு கூத்து. முந்தின ஆட்சிய ஞாபகப்படுத்துற பக்கமெல்லாம் ஸ்டிக்கர் ஒட்டி வந்துச்சு. அந்த ஸ்டிக்கருக்கு அடியில என்ன இருக்குன்னு வெயில்ல பிடிச்சுப் பாக்கிறதும், எச்சி தொட்டு ஓரத்தை உரிக்கிறதும்தான் ஒரு மாசம் எங்க வேலை. ஒட்டாம விட்டிருந்தா ஒருத்தனும் அந்தப் பக்கத்தை திரும்பிப் பாத்திருக்க மாட்டான். எந்த அரசுக்கும் இந்த சின்ன விஷயம் புரியவே மாட்டேங்குது.

+1ல கணிப்பொறியியல் எடுத்தேன், தமிழ் மீடியம். தமிழ் மீடியத்துல கம்ப்யூட்டரான்னு சிரிப்பாங்க. சிரிக்கிறவங்க அந்தப் புத்தகத்தைப் பாத்திருக்க மாட்டாங்க. முதல் தொகுதி ஸ்டார் ஆபீஸ். நாங்க அதை நெட்டுரு போட்டப்ப உலகத்துல அதை கைவிட்டு ரெண்டு வருஷம் ஆயிருந்தது, அது வேற கதை. ரெண்டாவது தொகுதிதான் தங்கம். சி ப்ளஸ் ப்ளஸ் முழுக்க தமிழ்ல. வேரியபிள்னா மாறி. லூப்னா மடக்கு. அர்ரேன்னா அணி. கன்ஸ்ட்ரக்டர் ஆக்கி, டிஸ்ட்ரக்டர் அழிப்பி. இன்ஹெரிட்டன்ஸ் மரபுரிமம். பாலிமார்பிசம் பல்லுருவாக்கம்.

காலேஜ்ல முதல் வருஷம் இங்கிலீஷ்ல நடத்துறப்ப முழி பிதுங்கும். ஆனா நான் மனசுக்குள்ள ஒரு தடவ 'பல்லுருவாக்கம்'னு சொல்லிப்பேன், வெளிச்சம் வந்துரும். பல உருவம் எடுக்கிறது, அவ்ளோதானே? பக்கத்துல உக்காந்த சிட்டி பசங்க பாலிமார்பிசம்கற வார்த்தையை மனப்பாடம் பண்ணிட்டு இருந்தாங்க. எனக்கு வார்த்தையிலேயே அர்த்தம் இருந்தது. இன்னிக்கும் கோடு எழுதறப்ப ஒரு ஆப்ஜெக்ட் செத்துப்போற இடத்துல என் மண்டைக்குள்ள ஓடுறது 'அழிப்பி'தான். புதுசா சேர்ற தமிழ் மீடியம் பசங்க யாராவது இதைப் படிச்சா, தைரியமா இருங்கப்பா. நீங்க ஒண்ணும் பின்னாடி இல்ல.

பிடிச்ச படம்

வாகை சூட வா. சற்குணம் எடுத்தது, 2011. ஜிப்ரானுக்கு முதல் படம். தமிழ்ல சிறந்த படத்துக்கான தேசிய விருது வாங்குச்சு. 1966ல நடக்கிற கதை. செங்கல் சூளைல வேலை பாக்கிற பிள்ளைங்களுக்கு எழுத்து சொல்லிக் குடுக்க வர்ற ஒரு வாத்தியார். விமல், இனியா.

இதை நான் தியேட்டர்ல பாக்கல. கலைஞர் ஆட்சில குடுத்தாங்களே சின்ன கலர் டிவி, அதுலதான் பாத்தேன். எங்க வீட்டு டிவிக்கு ஒரு வியாதி, முகம் எல்லாம் லேசா பச்சையா தெரியும். அதனால எனக்கு இனியா பச்சை :) வாசக்கதவைத் தொறந்து வெச்சுதான் பாப்போம், தெருவுல போறவங்க வர்றவங்க எல்லாரும் நின்னு பாக்கலாம்.

அன்னிக்கு வாசல்ல நாலஞ்சு பிள்ளைங்க நின்னுச்சுங்க. எங்க பக்கத்து சூளைல வேலைக்கு வந்த ஒடிசா குடும்பங்களோட பிள்ளைங்க. திருவள்ளூர் மாவட்டத்துல செங்கல் சூளை ஜாஸ்தி, மழை ஓய்ஞ்சதும் ஒடிசாவிலேர்ந்து குடும்பம் குடும்பமா வருவாங்க. முன்பணம் வாங்கிட்டு வருவாங்க, ஆயிரம் கல்லுக்கு இவ்ளோன்னு கூலி. அப்பா மண்ணு குழைப்பார், அம்மா அச்சுல அறுக்கும், பிள்ளைங்க பச்சைக் கல்லை திருப்பித் திருப்பி காய வைக்கும். அடுத்த மழைக்கு முன்னாடி ஊருக்குப் போய்டுவாங்க. அந்தப் பிள்ளைங்களுக்கு ரெண்டு ஊர்லயும் ஸ்கூல் பாதிதான்.

படத்துல செங்கல் அறுக்குற காட்சி வந்ததும் ஒரு பையன் ஏதோ சத்தமா சொன்னான். மத்தது எல்லாம் கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சுங்க. எங்களுக்கு மொழி புரியல. அவன் உள்ள வந்து தரையில உக்காந்து கையால செஞ்சு காமிச்சான். மண்ணை உருட்டி, அச்சுல அடிச்சு, மேல வழிச்சு, கவுத்து. அப்புறம் டிவியைக் காட்டி இல்ல இல்லன்னு தலையாட்டினான். படத்துல பண்றது தப்பாம்! எட்டு வயசு இருக்கும். ஒரு தேசிய விருது படத்துக்கு நான் கேட்டதிலேயே சரியான விமர்சனம் அதுதான்.

எங்க மாவட்டத்துல அந்தப் பிள்ளைங்களுக்கு ஒடியா புத்தகம் வெச்சு சூளைப் பக்கமே வகுப்பு நடத்தின வருஷங்களும் உண்டு. அதுல எத்தனை பேரு மேல படிச்சாங்கன்னு யோசிப்பேன். அந்தப் பையனுக்கு இப்ப இருபத்திரண்டு, இருபத்தி மூணு இருக்கும். எட்டு வயசுலேயே தொழில் தெரிஞ்சவன். தெரிஞ்சே இருக்கக் கூடாத வயசு அது.

பெரிய பரிசு

லேப்டாப். இதுல ரெண்டாவது யோசனையே கிடையாது. +1ல குடுத்த சைக்கிள் ரெண்டாவது இடம்.

2011 செப்டம்பர் 15, அண்ணா பிறந்தநாள். லேப்டாப், மிக்ஸி, கிரைண்டர், ஃபேன், ஆடு, மாடு எல்லாத் திட்டத்தையும் ஜெயலலிதா தொடங்கி வெச்சது எங்க திருவள்ளூர் மாவட்டத்துலதான். எங்க செட்டுக்கு 2013-14ல கைக்கு வந்தது. மூடி மேல அம்மா படம். ஆன் பண்ணினா விண்டோஸா, பாஸ் லினக்ஸான்னு கேக்கும். பாஸ் லினக்ஸ் நம்ம சி-டாக் ஆளுங்க செஞ்சது. பாதிப் பசங்க அந்தப் பக்கமே போகல. நான் போனேன். இன்னிக்கு நான் லினக்ஸ்ல சோறு தின்னுறேன்னா அதுக்கு விதை அங்க.

நெட் கிடையாது. பெரிய ஊருக்குப் போற யாராவது பென் டிரைவ்ல எதையாவது ஏத்திட்டு வந்தாதான் உண்டு. ஆனா கொஞ்ச நாள்லயே எங்க திண்ணை ஒரு பிரவுசிங் சென்டர் ஆயிடுச்சு. சாதிச் சான்றிதழுக்கு மனு டைப் அடிக்க ஒருத்தர், வேலைக்கு பயோடேட்டா அடிக்க ஒருத்தர், சாவுக்கு வந்த மொய்க் கணக்கை சரி பாக்க ஒருத்தர். கடைசியா சொன்னவர் எக்செல் கூட்டுத்தொகையை நம்பல. எதிர்ல உக்காந்து விரல் விட்டு எண்ணி, சரியா வந்ததும், "பரவால்லடா, மெஷினும் ஒழுங்காத்தான் எண்ணுது"ன்னு சர்டிபிகேட் குடுத்துட்டுப் போனார்.

இதை 'இலவசம்'னு நக்கல் பண்ற நண்பர்கள் ஆபீஸ்ல நிறைய. டீ பிரேக்ல வருஷத்துக்கு நாலு தடவையாவது இந்த சண்டை வரும். அவங்களுக்கு ஒரு தகவல். இந்த டிவி, மிக்ஸி, லேப்டாப் வாக்குறுதி எல்லாம் லஞ்சமா இல்லையான்னு சுப்ரீம் கோர்ட்டுல ஒரு கேஸே நடந்தது, சுப்பிரமணியம் பாலாஜி வழக்கு. 2013 ஜூலை 5ந் தேதி தீர்ப்பு. தேர்தல் அறிக்கையில இப்படி வாக்குறுதி குடுக்கிறது சட்டப்படி ஊழல் நடவடிக்கை ஆகாது, ஆனா தேர்தல் ஆணையம் இதுக்கு நெறிமுறை வகுக்கணும்னு சொன்னாங்க. ரெண்டு பக்கமும் அவங்கவங்களுக்குப் பிடிச்ச பாதியை எடுத்துக்கிட்டாங்க.

என் கணக்கு சிம்பிள். அந்த லேப்டாப் இல்லாம எங்க ஸ்கூல்லேர்ந்து ஒருத்தன் கோடு எழுதியிருக்க முடியாது. வித்துட்டவனும் இருக்கான், படம் மட்டும் பாத்தவனும் இருக்கான். கிளாஸுக்கு நாலு பேரு முன்னேறியிருந்தாலே போதும்ங்கறது என் கட்சி. எங்க செட்டுல நாலுக்கு மேல. 2025 பட்ஜெட்டுல கல்லூரி மாணவர்களுக்கு லேப்டாப்னு மறுபடியும் அறிவிச்சப்ப சண்டையும் மறுபடியும் ஆரம்பிச்சது. நானும் மறுபடியும் டீயை ஆறவிட்டேன்.

செல்லப்பிராணி

மேல சொன்ன திட்டத்துல ஆடும் உண்டுல்ல? எங்கம்மாவுக்கு நாலு ஆடு கிடைச்சது. காதுல கம்மல் மாதிரி ஒரு நம்பர் அடிச்ச வில்லை. அதுல ஒரு பெட்டை, கறுப்பு உடம்பு, நெத்தியில வெள்ளை. எங்க ஆயா அதுக்கு வெச்ச பேரு 'கவர்மெண்டு'.

பேரு வெச்ச நேரம், வீட்டுல பேசுற எல்லாமே அரசியல் ஆயிடுச்சு. "கவர்மெண்டு பக்கத்து வீட்டு முருங்கைய தின்னுடுச்சு." "கவர்மெண்டுக்கு ரெண்டு நாளா வயிறு சரியில்ல." "கவர்மெண்டை கட்டிப் போடுடா, ரோட்டுல திரியுது." ஒருதடவ கணக்கெடுக்க வந்த ஊழியர் முன்னாடியே ஆயா, "கவர்மெண்டு ஒண்ணுத்துக்கும் லாயக்கில்ல, தின்னுட்டு தின்னுட்டு தூங்குது"ன்னு சொல்லிட்டாங்க. அந்த மனுஷன் பேனாவை மூடிட்டு ஒரு நிமிஷம் அப்படியே நின்னார் :)

நாய் வளத்தவங்களுக்கு ஆட்டு மேல பாசம் வரும்னா நம்ப மாட்டாங்க. சாயங்காலம் ஸ்கூல் விட்டு வந்ததும் நான் பூவரசந்தழை, ஆலந்தழை ஒடிச்சுட்டு வருவேன். என் சைக்கிள் செயின் சத்தம் தெருமுனையில கேக்கறப்பவே கத்த ஆரம்பிச்சுடும். அடுத்தவன் சைக்கிளுக்குக் கத்தாது. ராத்திரி நான் படிக்கிற வரைக்கும் திண்ணைக்குக் கீழ படுத்து அசை போட்டுக்கிட்டு இருக்கும். அந்த அசை போடுற சத்தத்துலதான் நான் +2 கணக்கு முழுசையும் போட்டேன். ஒருதடவ என் ரெக்கார்டு நோட்டுல ரெண்டு பக்கத்தைத் தின்னுடுச்சு. சார் கிட்ட "கவர்மெண்டு தின்னுடுச்சு சார்"னு சொன்னேன். கிளாஸே விழுந்து விழுந்து சிரிச்சுது, நான் பெஞ்சு மேல ஏறினேன்.

நாலு ஆடு ரெண்டு ரெண்டரை வருஷத்துல பதினொண்ணு ஆச்சு. 2014ல எனக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்ல சீட்டு வந்தது. குடும்பத்துல முதல் பட்டதாரிக்கு டியூஷன் பீஸை அரசு கட்டும், 2010-11லேர்ந்து இருக்கிற சலுகை. ஆனா ஹாஸ்டலுக்கும் மெஸ்ஸுக்கும் நாமதான் கட்டணும். ஒரு காலையில ஆட்டு வியாபாரி வந்தார். ஒவ்வொண்ணா இடுப்பைப் பிடிச்சு தூக்கிப் பாத்தார். துண்டுக்குள்ள கைய விட்டு எங்க நைனாவோட விரலைப் பிடிச்சு விலை பேசினார். பத்து ஆடு போச்சு. நான் மூஞ்சைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்தேன். அம்மா சொன்னது: "அது என்ன நாயாடா, கொஞ்சறதுக்கு? உன்னைப் படிக்க வைக்கத்தான்டா மேய்ச்சேன்."

அப்படி சொன்ன அம்மாதான் கவர்மெண்டை மட்டும் விக்கல. வியாபாரி கேட்டதுக்கு, "அது பல்லு போன கெழம்"னு பொய் சொல்லி அனுப்பிட்டாங்க.

2017 பிப்ரவரி. நான் மூணாவது வருஷம். தமிழ்நாடே கூவத்தூரையும் நம்பிக்கை வாக்கெடுப்பையும் டிவில பாத்துக்கிட்டு இருந்த வாரம். அம்மா போன் பண்ணி, "கவர்மெண்டு போயிடுச்சுடா"ன்னாங்க. நான் ஹாஸ்டல் டிவியைப் பாத்துக்கிட்டே, "இல்லம்மா, ஓட்டெடுப்புல ஜெயிச்சுட்டாங்க"ன்னு சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம்தான் புரிஞ்சது. வயசாயிடுச்சு, ரெண்டு நாளா தீனி எடுக்கல, ராத்திரி போயிடுச்சு. கறிக்குக் கேட்டவங்களுக்குக் குடுக்காம, கொல்லையில குழி தோண்டிப் பொதைச்சாங்களாம். இதை நான் யார்கிட்ட சொன்னாலும் முதல்ல சிரிப்பாங்க. நானும் கூடவே சிரிச்சுடுவேன்.

பிடிச்ச வெப்சைட்

கூகுள் எர்த். வெப்சைட்டா சாப்ட்வேரான்னு சண்டைக்கு வராதீங்க, இப்ப பிரவுசர்லயே ஓடுது. 2009லேர்ந்து அதுல ஒரு வசதி இருக்கு. பழைய சாட்டிலைட் படங்களை வருஷவாரியா தள்ளிப் பாக்கலாம்.

எங்க ஊரைப் போட்டுத் தள்ளிப் பாருங்க. முதல்ல பச்சை. அப்புறம் பச்சைக்கு நடுவுல நேர் நேரா பழுப்புக் கோடு. அப்புறம் கட்டம் கட்டமா ரோடு. அப்புறம் பெரிய பெரிய வெள்ளைக் கூரை. இன்னொரு பக்கம் ரெண்டு ஏரி ஒண்ணாகி பெரிய நீலம். அந்த நீலம் கண்ணன்கோட்டை - தேர்வாய் கண்டிகை நீர்த்தேக்கம். ரெண்டு ஏரியை இணைச்சு 380 கோடி ரூபாய் செலவுல கட்டினது, கொள்ளளவு 500 மில்லியன் கன அடி. 2020 நவம்பர் 21ல அமித் ஷா திறந்து வெச்சார். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் வரிசையில சென்னைக்குக் குடிதண்ணி குடுக்கிற அஞ்சாவது ஏரி. நான் சென்னையில குழாயைத் திருப்பினா எங்க ஊரு தண்ணி வரலாம்.

வெள்ளைக் கூரை சிப்காட். ஆயிரத்து நூறு ஏக்கருக்கு மேல. ஆயா அந்த இடத்தை 'காடு'ன்னுதான் சொல்லும். ரெவின்யூ ரெக்கார்டுல அதுக்குப் பேரு மேய்க்கால் புறம்போக்கு. ஆடு மாடு மேய ஊருக்குன்னு விட்ட பொது இடம். அதைத் தொழிற்பேட்டைக்கு எடுத்தப்ப ஊருல போராட்டம், கைது, கோர்ட்டு கேஸ் எல்லாம் நடந்தது. அப்ப நான் சின்னப் பையன். 2009 நவம்பர்ல 4,000 கோடி ரூபாய் முதலீட்டுக்கு பிரான்ஸ் டயர் கம்பெனி மிஷலின் தமிழ்நாடு அரசோட ஒப்பந்தம் போட்டுச்சு. 2012ல ஊர்ச் சங்கமும் பிரெஞ்சு அமைப்புகளும் சேர்ந்து, பன்னாட்டு கம்பெனிகளுக்கான ஓஈசிடி நெறிமுறைப்படி பிரான்ஸ்லயே ஒரு புகார் குடுத்தாங்க. அதை விசாரிச்ச அமைப்பு 2013ல, கம்பெனி நெறிமுறையை மீறலைன்னு சொன்னதோட, செய்ய வேண்டியதுன்னு சில பரிந்துரையும் குடுத்துச்சு.

இதுல நான் எந்தப் பக்கம்? என் சித்தப்பா பையன் சிப்காட்டுலதான் வேலை பாக்கிறான். அவன் சம்பளத்துலதான் தங்கச்சி கல்யாணம் நடந்தது. ஊருக்குள்ள பஸ் வந்தது, ரோடு வந்தது. அதையெல்லாம் வேணாம்னு சென்னையில ஏசில உக்காந்துக்கிட்டு நான் சொல்ல முடியாது.

ஆனா ஒரு நாள் ஆயாவுக்கு என் லேப்டாப்ல பழைய படத்தைக் காமிச்சேன். முதல்ல பிடிபடல. ஏரிக்கரை, கோயில் புளியமரம்னு ஒவ்வொண்ணா காட்டினதும் அதுவே விரலை வெச்சு நடக்க ஆரம்பிச்சுடுச்சு. "இங்கதான் களாக்கா பறிப்போம். இந்தப் பள்ளத்துல மழை பேஞ்சா நாலு மாசம் தண்ணி நிக்கும், மாடு குடிக்கும். இந்த ஓரமா ஈச்சம்பழம். வெறகு இந்த வழியா வரும். உங்க தாத்தாவுக்கு பாம்பு கடிச்சது இந்த வளைவுல." ஸ்கிரீன் பூரா விரல் ரேகை. ஒவ்வொரு மேட்டுக்கும் குட்டைக்கும் அதுகிட்ட ஒரு பேரு இருந்துச்சு. கூகுள்ல அந்த இடம் வெறும் பச்சை.

அன்னிக்கு ராத்திரி அரசோட பட்டா சிட்டா தளத்தைத் தொறந்தேன். மாவட்டம், தாலுகா, கிராமம், சர்வே நம்பர் போட்டா 'அ' பதிவேடு வரும். புறம்போக்கா இல்லையான்னும் பாக்கலாம். டேட்டாபேஸ் வேலை பாக்கிறவனுக்கு அதைப் பாத்ததும் ஒண்ணு உறைச்சது. ஒரு காட்டை ஒரு ஊருகிட்டேயிருந்து எடுக்க அந்த டேபிள்ல ஒரு காலத்தை மாத்தினாப் போதும். மேய்க்கால்னு இருந்ததை வேற ஒரு வார்த்தையா. ஒரு அப்டேட் ஸ்டேட்மென்ட். ஏன்னா அந்த டேபிள்ல களாக்காய்க்கு காலம் கிடையாது. மாடு குடிச்ச பள்ளத்துக்கு கிடையாது. இழப்பீடு கணக்கு போடறவங்க டேபிள்ல இருக்கிறதைத்தான் கணக்கு போட முடியும்.

அப்புறம் இந்தியன் கானூன் தளம். 2008ல ஒரு மென்பொருள் பொறியாளர் தொடங்கினது, தீர்ப்பெல்லாம் இலவசமா படிக்கலாம். அதுல ஜக்பால் சிங் வழக்கைப் படிச்சேன். 2011 ஜனவரி 28, சுப்ரீம் கோர்ட். ஊர்ப் பொது நிலத்தை ஆக்கிரமிச்சவங்களை காலி பண்ணி, நிலத்தை ஊருக்கே திருப்பித் தர எல்லா மாநிலமும் திட்டம் போடணும்னு சொன்ன தீர்ப்பு. படிச்சு முடிச்சப்ப ஒண்ணு தெளிவாச்சு. அது அத்துமீறி பிடிச்சவங்களுக்கான தீர்ப்பு. அரசே ஆர்டர் போட்டு வகைப்பாட்டை மாத்தினா அது வேற வழக்கு. எங்க ஊரு கதைக்கு நேரா பொருந்தாது.

சட்டத்துல என்னால ஒண்ணும் செய்ய முடியாது. ஆனா மேப் போடத் தெரியும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்னு ஒரு தளம், 2004லேர்ந்து இருக்கு. விக்கிபீடியா மாதிரி, யார் வேணா இடம் குறிக்கலாம், தமிழ்லயே பேரு எழுதலாம். இன்னிக்கும் இருக்கிற இடத்தைத்தான் குறிக்கணும்ங்கறது அதோட விதி. அதனால மிச்சம் இருக்கிற குட்டை, கால்வாய், கோயில் மரம், பாறை எல்லாத்தையும் ஆயா சொன்ன பேருல அங்க ஏத்திக்கிட்டு இருக்கேன். போய்ட்ட இடங்களுக்குத் தனியா ஒரு பைல் வெச்சிருக்கேன். ஆயாவுக்கு எண்பதுக்கு மேல ஆச்சு, ஞாபகம் முன்ன மாதிரி இல்ல. போன மாசம் ஒரு குட்டை பேரை ரெண்டு விதமா சொல்லுச்சு. அதனால இப்பல்லாம் மாசத்துக்கு ஒரு தடவ ஊருக்குப் போறேன், லீவு இல்லைன்னாலும்.

இதுவரைக்கும் முப்பத்தி ஏழு பேரு சேர்ந்திருக்கு. அதுல எந்த அரசாங்க ரெக்கார்டுலயும் நான் பாக்காத பேரு இருபத்தஞ்சாவது இருக்கும்.

உங்க ஊருலயும் ஒரு மேய்க்காலோ, மந்தைவெளியோ, களத்துமேடோ இருந்திருக்கும். சர்வே நம்பர் தெரிஞ்சா அந்தத் தளத்துல போட்டுப் பாருங்க, இப்ப அதுக்கு என்ன பேருன்னு. வீட்டுல பெரியவங்க இருந்தா முதல்ல அவங்ககிட்ட கேளுங்க. தளம் நாளைக்கும் இருக்கும்.

டிஸ்கி: கவர்மெண்டு தின்ன ரெக்கார்டு நோட்டுக்கு எனக்கு மார்க் வந்ததான்னு கேக்காதீங்க. வந்துச்சு. சார் பெஞ்சுலேர்ந்து இறக்கி விட்டுட்டு, "ஆட்டுக்கு என்னடா பேரு?"ன்னு இன்னொரு தடவ கேட்டு சிரிச்சுட்டுதான் போட்டார்.